ஸ்லட்ஜில் எவ்வளவு ஒட்டும்? லேப்கள் தரும் மூன்று விதச் சோதனைகள் பற்றி ஒரு மதிப்பீடு

சாக்கடையில் கலந்த ரசாயனம் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்தபின் அதன் கதி நான்கில் ஒன்று. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கலாம், காற்றில் ஆவியாகலாம், தெளிந்த நீரோடு ஆற்றுக்குப் போகலாம், நிலையத்தில் படியும் கசடான ஸ்லட்ஜில் ஒட்டிக்கொண்டு உலர்களத்துக்குப் போகலாம். கடைசி இரண்டில் எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கரைதிறன் சோதனையும், திடப்பொருளின் மேல் எவ்வளவு ஒட்டும் என்று பார்க்கும் பரப்புக் கவர்ச்சிச் சோதனையும். சாயப்பட்டறைத் துணைப்பொருள், கிருமிநாசினி, மருந்து மூலப்பொருள் என்று எதைத் தயாரித்து ஏற்றுமதி செய்தாலும் இந்த எண்களைக் கேட்பார்கள். ரசாயனங்களைப் பதிவு செய்யச் சொல்லும் ஐரோப்பாவின் ரீச் சட்டத்தில் ஆண்டுக்கு 1 டன்னிலேயே நீரில் கரைதிறன் வேண்டும். 10 டன்னைத் தொட்டால் பரப்புக் கவர்ச்சி விவரமும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு லேப்கள் தரும் சேவைகள் மூன்று விதம்: கணினிக் கணிப்பு, ஹெச்பிஎல்சி (பொருள்களைத் திரவத்தோடு குழாய் வழியே ஓட்டிப் பிரிக்கும் கருவி) முறை, உண்மையான ஸ்லட்ஜை எடுத்துக் குலுக்கிப் பார்க்கும் பேட்ச் முறை. மூன்றின் அறிக்கையிலும் கடைசியில் நிற்பது ஒரே ஒரு எண். அந்த எண்ணைப் பார்த்து எது நல்ல சோதனை என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தெந்த பிளாங்க் குழாய்களை, அதாவது ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு ஓட்டும் ஒப்பீட்டுக் குழாய்களை, வைத்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். இந்த மதிப்பீடு முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

முதலில் எண்ணின் எடை என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு கிலோ உலர் ஸ்லட்ஜில் ஒட்டிய அளவை, ஒரு லிட்டர் நீரில் மிஞ்சிய அளவால் வகுத்தால் வருவது கேடி. அலகு, லிட்டர்/கிலோ. ஒரு லிட்டர் கழிவுநீருக்கு 0.2 கிராம் ஸ்லட்ஜ் வெளியேறும் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேடி 500 என்றால் வந்த ரசாயனத்தில் 9 சதவீதம்தான் ஸ்லட்ஜோடு போகும். 5,000 என்றால் பாதி. 50,000 என்றால் 91 சதவீதம். ஆக, 20க்கும் 60க்கும் இடையே லேப் தவறினால் நடைமுறையில் பெரிய நட்டமில்லை. 2,000க்கும் 10,000க்கும் இடையே தவறினால் ஆற்றுக்கா, ஸ்லட்ஜை உரமாகப் போடும் வயலுக்கா என்ற பதிலே மாறிவிடும்.

கணினிக் கணிப்பு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஈபிஐ ஸூட் மென்பொருள் இலவசம். மூலக்கூறின் வடிவத்தைக் கொடுத்தால் கேஓசி, அதாவது கரிமக் கார்பன் கணக்கிலான ஒட்டுதல் எண், இரண்டு வழிகளில் வந்துவிடும்: ஒன்று மூலக்கூறு இணைப்புக் குறியீட்டிலிருந்து, இன்னொன்று ஆக்டனால்–நீர் பங்கீட்டிலிருந்து (ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற ஆல்கஹாலுக்கும் நீருக்கும் இடையே பொருள் பிரியும் விகிதம்). இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தால் நல்ல அறிகுறி. பத்து மடங்கு விலகினால் எதையும் நம்பாமல் சோதனைக்குப் போங்கள்.

மின்னேற்றம் இல்லாத, எண்ணெய்ப்பசையுள்ள பொருள்களுக்கு இந்தக் கணிப்பு ஒரு நல்ல ஆரம்பம். ஏற்றம் உள்ளவற்றுக்கு ஆகவே ஆகாது. சிப்ரோஃப்ளாக்சாசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்டனாலை அது கிட்டத்தட்ட சீண்டுவதே இல்லை, ஆகவே கணிப்பு அதை நீரோடு போகும் பொருளாகக் காட்டும். நிஜத்தில் அதன் கேடி பல ஆயிரம். ஸ்லட்ஜின் மேல்பரப்பில் எதிர்மின் ஏற்றம் நிறைய. அங்கே மருந்தின் நேர்மின் ஏற்றமுள்ள அமீன் பகுதி பிடித்துக்கொள்கிறது, கால்சியம் போன்ற உலோக அயனிகள் பாலம் போடுகின்றன. ஆக்டனாலில் இந்த இரண்டு வேலைக்கும் இடமில்லை. ஹைதராபாத் பக்கம் பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சாசின் இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட பொருளின் போக்கை ஆக்டனாலை வைத்து முடிவு செய்வது சரியில்லை.

எங்கள் தீர்ப்பு: இதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். பேட்ச் சோதனைக்கு எவ்வளவு ஸ்லட்ஜ் எடுக்கலாம் என்று திட்டமிட மட்டும் பயன்படுத்துங்கள். அந்த வேலைக்கு இது மிக நல்ல கருவி.

ஹெச்பிஎல்சி முறை

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் 121 என்ற சோதனை வழிகாட்டி 2001இல் வந்தது. அதன் தலைப்பிலேயே மண்ணும் கழிவுநீர் ஸ்லட்ஜும் உண்டு, சோதனையில் இரண்டும் கிடையாது. சயனோப்ரோப்பில் காலம் (column, துகள் நிரப்பிய குழாய்) ஒன்றில் மெத்தனாலும் நீரும் 55:45 விகிதத்தில் ஓடும். கேஓசி ஏற்கெனவே தெரிந்த குறைந்தது ஆறு பொருள்களைச் செலுத்தி, அவை வெளிவரும் நேரத்தை வைத்து ஒரு கோடு போட்டு, நம் பொருளை அந்தக் கோட்டில் நிறுத்துவார்கள். மடக்கை கேஓசி 1.5 முதல் 5 வரை இது பொருந்தும். உங்கள் பொருளுக்குக் கீழே ஒன்றாவது, மேலே ஒன்றாவது அந்த ஒப்பீட்டுப் பொருள்களில் இருக்க வேண்டும். கோட்டை நீட்டிப் படித்த எண்ணை ஏற்காதீர்கள்.

அறிக்கை வந்ததும் முதலில் காலத்தின் பெயரைப் பாருங்கள். சி18 காலத்தில் ஓட்டியிருந்தால் அது ஆக்டனால் பங்கீட்டைக் கணிக்கும் வேறு முறை. கேஓசி என்று தலைப்பு போட்டுக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பலாம். அடுத்து, ஒட்டாத பொருள் வெளிவரும் வெற்று நேரம். ஃபார்மமைடையோ சோடியம் நைட்ரேட்டையோ செலுத்தி அதை அளந்திருக்க வேண்டும். சீக்கிரம் வெளிவரும் பொருள்களுக்கு வெற்று நேரத்தில் 0.1 நிமிடம் பிசகினாலே எண் கணிசமாக ஆடிவிடும்.

பிஹெச் 5.5–7.5 எல்லைக்குள் பத்து சதவீதமாவது அயனியாகும் பொருளாக இருந்தால் அயனி வடிவம், அயனியாகாத வடிவம் இரண்டுக்கும் தனித்தனியே ஓட்டச் சொல்கிறது வழிகாட்டி. சோப்புகளிலும் பற்பசைகளிலும் பல ஆண்டுகள் இருந்த ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினியின் பிகேஏ (பாதி அயனியாகும் பிஹெச்) சுமார் 8. பிஹெச் 7.5இல் கிட்டத்தட்ட கால்பங்கு அயனியாகிவிடும். ஒரே ஒரு ஓட்டத்தோடு வரும் ட்ரைக்ளோசான் அறிக்கை அரைகுறை அறிக்கை. சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட்கள், கனிமப் பொருள்கள், வலுவான அமிலங்கள், காரங்கள் ஆகியவற்றுக்கு இந்த முறையே வேண்டாம்.

கேஓசியிலிருந்து ஸ்லட்ஜ் கேடிக்கு வர, ஸ்லட்ஜின் கரிமக் கார்பன் பங்கால் பெருக்க வேண்டும். ஐரோப்பிய இடர் மதிப்பீட்டில் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜுக்கு (காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிர்கள் வளர்ந்த ஸ்லட்ஜ்) 0.37, பச்சைக் கழிவுநீரின் திடப்பொருளுக்கு 0.30 என்று வைத்திருக்கிறார்கள். கேஓசி 1,000 என்றால் கேடி 370.

ஏற்றமில்லாத பொருளுக்கு இது காசுக்குத் தகுந்த சேவை. விரைவில் முடியும், தூய்மை குறைந்த சாம்பிளிலும் ஓடும், பேட்ச் முறையைவிடச் செலவு மிகக் குறைவு.

கரைதிறன்: சேர்த்தே வாங்குங்கள்

பரப்புக் கவர்ச்சிச் சோதனையை மட்டும் கேட்டு, கரைதிறனுக்குப் பழைய டேட்டா ஷீட்டைக் கொடுப்பவர்கள் அதிகம். அது தவறு. குலுக்கும் குழாயில் போடும் செறிவு, கரைதிறனில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒட்டாமல் வீழ்படிவானதும் ஸ்லட்ஜோடு அடியில் இறங்கும், கணக்கில் அது ஒட்டியதாகவே பதிவாகும். ட்ரைக்ளோசானின் கரைதிறன் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம். ஆகவே 5 மில்லிகிராமுக்கு மேல் எந்தக் குழாயிலும் போகக் கூடாது.

ஓஇசிடி 105 இரண்டு முறைகளைத் தருகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கரைபவற்றுக்குக் குடுவை முறை. கீழே என்றால் காலம் வழியாக நீரை ஓட்டும் முறை. குடுவை முறையில், முன்சோதனையில் கரைந்ததைப் போல ஐந்து மடங்கு பொருளை மூன்று குடுவைகளில் போட்டு 30 டிகிரியில் குலுக்குவார்கள். முதல் குடுவையை ஒரு நாள், இரண்டாவதை இரண்டு நாள், மூன்றாவதை மூன்று நாள் குலுக்கி, ஒவ்வொன்றையும் பிறகு 20 டிகிரியில் 24 மணி நேரம் நிலைப்படுத்தி அளப்பார்கள். கடைசி இரண்டும் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் இன்னும் சமநிலை வரவில்லை. இறங்கிக்கொண்டே போனால் பொருள் நீரில் சிதைகிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

ட்ரைக்ளோசான் அந்த 10 மில்லிகிராம் எல்லையிலேயே நிற்கும் பொருள். இப்படிப்பட்டவற்றுக்குக் காலம் முறையையே கேளுங்கள். குடுவையில் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் மிதக்கும். பைப்பெட்டில் அவையும் சேர்ந்து வந்தால் கரைதிறன் இரண்டு மூன்று மடங்காகத் தெரியும். காலம் முறையில் நீரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். இரண்டு வேகத்திலும் ஒரே எண் வந்தால்தான் அது கரைதிறன்.

இதெல்லாம் தூய நீரில். கழிவுநீரில் கணக்கு வேறு. சோப்பும் கரைந்த கரிமப் பொருளும் எண்ணெய்ப்பசையுள்ள ரசாயனத்தைத் தங்களுக்குள் பொதிந்து வைத்துக்கொள்ளும், கரைதிறன் கூடியதுபோலக் காட்டும். உப்பு இதற்கு நேர் எதிர். திருப்பூர்ச் சாயக் கழிவுபோல உப்பு நிறைந்த நீரில் கரைதிறன் இறங்கும். கடல்நீர் அளவு உப்பில் நாஃப்தலீன் போன்ற பொருளின் கரைதிறன் கால்பங்கு குறையும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்காகச் சோதனை செய்கிறீர்கள் என்றால், தூய நீரில் ஒன்று, அந்த நிலையத்தின் வடிகட்டிய நீரில் ஒன்று என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது எண்ணைச் சட்டப்படி யாரும் கேட்கவில்லை என்று லேப் சொல்லும். சொன்னாலும் கேளுங்கள், நிலையத்தில் நடப்பதை அந்த எண்தான் காட்டும்.

பேட்ச் முறை

காசு அதிகம் பிடிப்பதும் இதுதான், அந்தக் காசு வீணாகிப்போவதும் பெரும்பாலும் இதில்தான். மண்ணுக்கான ஓஇசிடி 106, ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜுக்கென்றே 2004இல் வந்த ஐஎஸ்ஓ 18749, அமெரிக்க முகமையின் 835.1110 என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லி விலைப்புள்ளி அனுப்புவார்கள். எதைச் சொன்னாலும் செய்முறையின் சாரம் ஒன்றே: தெரிந்த அளவு ஸ்லட்ஜ், தெரிந்த அளவு ரசாயனம், குலுக்கு, பிரி, நீரையும் படிவையும் அள.

ஸ்லட்ஜ் எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற பெருநகர நிலையங்களிலிருந்து எடுப்பதாக இருந்தால் எடுத்த மாதத்தையும் எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மண் கலந்து வரும். 105 டிகிரியில் உலர்த்திய எடையோடு, 550 டிகிரியில் எரித்தபின் மிஞ்சும் சாம்பலின் எடையும் அறிக்கையில் இருந்தால், ஸ்லட்ஜில் எவ்வளவு உயிர்ப்பொருள், எவ்வளவு மண் என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு வரி இல்லாததால் இரண்டு லேப்களின் எண்களை ஒப்பிட முடியாமல் போகிறது.

கழுவுதலிலும் கவனம் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை கழுவினால் ஸ்லட்ஜின் திரள்களைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியம் வெளியேறி, திரள் உடைந்து நுண்துகளாகிவிடும். அந்தத் துகள் பிறகு எந்தச் சென்ட்ரிஃபியூஜிலும் ஒழுங்காக இறங்காது. 0.01 மோலார் கால்சியம் குளோரைடிலோ நிலையத்தின் வடிகட்டிய நீரிலோ கழுவுவது நல்லது. சிப்ரோஃப்ளாக்சாசின் போன்ற பொருளுக்குக் கால்சியமே முடிவை மாற்றும் என்பதால், எதில் கழுவினார்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

அடுத்தது, நுண்ணுயிர்களை நிறுத்துவது. நிறுத்தாவிட்டால் அவை தின்றதும் ஒட்டியதாகக் கணக்கில் ஏறும். பெரும்பாலான லேப்கள் சோடியம் அசைடை லிட்டருக்கு 2 கிராம் போடுகின்றன. நுண்ணுயிர்களின் சுவாசத்தைத்தான் அது முடக்கும்; நொதித்தல் போன்ற மற்ற வேலைகள் தொடரலாம். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) சூடாக்கினால் செல்கள் வெடித்து உள்ளேயிருப்பது நீரில் கலந்துவிடும். ஸ்லட்ஜின் மேல்பரப்பே வேறாகிவிடும். உறையவைத்து உலர்த்திய தூளை வாங்கி வைத்துக்கொள்ளும் லேப்களும் உண்டு. அலமாரியில் வைத்துப் பல மாதம் ஒரே ஸ்லட்ஜில் சோதிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் உலர்ந்து நனைந்த திரள், உயிருள்ள திரள் அல்ல. பல பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்குத் தூள் போதும். ஒரு குறிப்பிட்ட நிலையத்துக்காக என்றால் 24 மணி நேரத்துக்குள் எடுத்த புதிய ஸ்லட்ஜையே கேளுங்கள்.

இப்போது அளவு. இங்கேதான் கணினிக் கணிப்பு கைகொடுக்கும். பாதி ஒட்டி, பாதி நீரில் மிஞ்சினால் அளவீடு மிகத் துல்லியம். 20 முதல் 80 சதவீதம் வரை ஏற்கலாம். அதற்கான ஸ்லட்ஜ் செறிவு, ஒன்றைக் கேடியால் வகுத்தால் கிடைக்கும்: கேடி 1,000 என்றால் லிட்டருக்கு 1 கிராம், 10,000 என்றால் 0.1 கிராம். 40 மில்லி குழாயில் 0.1 கிராம்/லிட்டர் என்றால் 4 மில்லிகிராம் உலர் எடை. ஈர ஸ்லட்ஜை அப்படி நிறுக்க முடியாது. லிட்டருக்கு 4 கிராம் உள்ள கலவையை மேக்னெட்டிக் ஸ்டிர்ரரில் சுழல விட்டு, நுனி வெட்டிய பைப்பெட்டால் 1 மில்லி எடுக்க வேண்டும். நுனி வெட்டாத பைப்பெட்டில் பெரிய திரள்கள் நுழையாது, குழாய்க்குக் குழாய் எடை மாறும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே ஸ்லட்ஜ் செறிவில் சோதிக்கும் லேப்பை நம்பாதீர்கள். காரணம் ஒரு சின்னக் கணக்கு. கேடி 50 உள்ள பொருளை லிட்டருக்கு 4 கிராம் ஸ்லட்ஜோடு குலுக்கினால் 17 சதவீதம்தான் ஒட்டும். தொடக்கத்தில் 100, கடைசியில் 83. இரண்டு அளவீட்டிலும் 5 சதவீதப் பிழை இருந்தாலே வித்தியாசமான 17இல் ஒன்பதுவரை காணாமல் போகும். அப்படிப்பட்ட பொருளுக்கு நீரை மட்டும் அளந்து கழித்துப் பார்க்கும் மறைமுக வழி உதவாது. படிவைக் கரைப்பானில் எடுத்து நேரடியாக அளக்க வேண்டும்.

நேரடியாக அளக்கும்போது வேறொரு குழி காத்திருக்கிறது. 40 மில்லிகிராம் உலர் எடையுள்ள படிவு, சென்ட்ரிஃபியூஜுக்குப் பிறகும் கிட்டத்தட்ட 1 மில்லி நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். நீரில் செறிவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் அந்த 1 மில்லியில் 1 மைக்ரோகிராம். உண்மையான கேடி 10 என்றால் ஒட்டியது 0.4 மைக்ரோகிராம்தான். படிவிலுள்ள நீரைக் கழிக்க மறந்தால் கேடி 10 என்பது 35 ஆகிவிடும். மேல்நீரை ஊற்றிய பிறகு குழாயை ஈரத்தோடு எடை போட்டார்களா என்று கேளுங்கள். இந்த எடை மூலத்தரவில் இல்லையென்றால் குறைவாக ஒட்டும் பொருள்களுக்கான எண்கள் எதுவும் நம்பத்தக்கவை அல்ல.

சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்த குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அடியில் மெத்தென்று பழுப்புப் படிவு. மேல்நீர் கண்ணாடிபோல இருந்தால் நல்லது. இளம் டீ நிறத்தில், ஒளிக்கற்றையில் புகைபோலத் தெரிந்தால் இறங்காத நுண்துகள் அதில் மிதக்கிறது. அந்தத் துகளில் ஒட்டியிருக்கும் ரசாயனம் நீரில் கரைந்ததாகக் கணக்கில் ஏறி, கேடியைக் கீழே இழுக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஸ்லட்ஜ் செறிவை ஒன்று, இரண்டு, நான்கு மடங்காக்கி மூன்றிலும் கேடியைக் கணக்கிடுங்கள். செறிவு ஏற ஏறக் கேடி இறங்கினால் பிரிப்பு சரியில்லை. அறிக்கையில் சென்ட்ரிஃபியூஜ் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 10 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 4,000 சுற்று என்பது சுமார் 1,800 ஜி (புவியீர்ப்பைப் போல 1,800 மடங்கு விசை), 15 செ.மீ. ரோட்டரில் அதே சுற்று 2,700 ஜி. ஜி அளவையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

துகளை நீக்க ஃபில்டர் போடுகிறோம் என்பார்கள். ஃபில்டரே ரசாயனத்தை உறிஞ்சும். ட்ரைக்ளோசான், எத்தினைல் எஸ்ட்ராடயால் போன்ற ஃபீனால் வகைகளுக்கு நைலான் ஃபில்டர் பெரிய பகை. சிரிஞ்சில் தள்ளிய முதல் மில்லியில் பெரும்பகுதி ஃபில்டரிலேயே நின்றுவிடும். கண்ணாடி இழை, ரீஜெனரேட்டட் செல்லுலோஸ் இரண்டும் பொதுவாகப் பரவாயில்லை. எதுவானாலும் ஒரு சோதனை கட்டாயம்: ஸ்லட்ஜ் இல்லாத தெரிந்த கரைசலை ஃபில்டர் வழியே தள்ளி, மில்லி மில்லியாகத் தனித்தனிக் குப்பியில் பிடித்து, ஃபில்டர் செய்யாததோடு ஒப்பிட வேண்டும். நான்காவது மில்லியிலிருந்து 95 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்றால் முதல் மூன்றை வீசிவிட்டு நான்காவதைப் பயன்படுத்தலாம். கடைசிவரை வரவில்லை என்றால் அந்த ஃபில்டர் வேண்டாம்.

குழாயிலும் இதே கதை. எண்ணெய்ப்பசையுள்ளவை பாலிப்ரோப்பிலீனுக்குள் ஊடுருவும், அவற்றுக்குக் கண்ணாடி வேண்டும். பென்சால்கோனியம் குளோரைடு போன்ற நேர்மின் பொருள்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டும், அவற்றுக்குப் பிளாஸ்டிக்கே மேல். மெத்தனாலில் கரைத்த ரசாயனத்தைச் சேர்க்கும்போது குழாயின் சுவரில் விழாமல் நேராக நீருக்குள் விட வேண்டும். அளவு 40 மில்லிக்கு 40 மைக்ரோலிட்டரைத் தாண்டக் கூடாது. சுவரில் விழுந்த சொட்டு காய்ந்து வெள்ளை வளையமாக நிற்கும். பிறகு எவ்வளவு குலுக்கினாலும் முழுதாக இறங்காது, கணக்கில் அதுவும் ஸ்லட்ஜில் ஒட்டியதுதான்.

பிஹெச்சைத் தொடக்கத்தில் ஒருமுறை அளந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். குழாயில் காற்றிடம் இருந்தால் ஸ்லட்ஜ் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பிஹெச் 7இலிருந்து 8க்கு மேல் ஏறுவது சாதாரணம். ட்ரைக்ளோசான் பிஹெச் 7இல் 91 சதவீதம் ஏற்றமில்லாமல் இருக்கும், 8.5இல் 24 சதவீதம்தான் அப்படி. குலுக்கி முடித்த பிறகு அளந்த பிஹெச்தான் அறிக்கையில் இருக்க வேண்டிய எண்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி, 1, 2, 4, 8, 24 மணியில் சாம்பிள். பெரும்பாலானவை முதல் சில மணி நேரத்திலேயே சமநிலைக்கு வந்துவிடும். 24 மணிக்குப் பிறகும் நீரில் செறிவு இறங்கிக்கொண்டே இருந்தால் சிதைவு நடக்கிறதா என்று தேடுங்கள்.

பிளாங்குகளைக் கேட்டு வாங்குங்கள்

மூன்று பிளாங்க் இல்லாத பேட்ச் சோதனைக்குக் கையெழுத்திடாதீர்கள். ரசாயனமும் நீரும் மட்டும் உள்ள குழாய், சுவர் எவ்வளவு தின்கிறது என்று காட்டும். ஸ்லட்ஜ் மட்டும் உள்ள குழாய், அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று காட்டும். பெருநகர ஸ்லட்ஜில் ட்ரைக்ளோசானும் மருந்துகளும் வரும்போதே இருக்கும், அதைக் கழிக்காவிட்டால் குறைந்த செறிவுக் குழாய்கள் எல்லாம் பொய் சொல்லும். மூன்றாவது, ஸ்லட்ஜின் வடிகட்டிய நீரில் ரசாயனத்தைச் சேர்த்தது. அளக்கும் கருவியான எல்சிஎம்எஸ்ஸில் ஸ்லட்ஜ் நீரின் கரிமப் பொருள் சிக்னலை அமுக்கும். பாதி அமுங்கினால் அளவும் பாதியாகத் தெரியும், கேடி இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். கார்பன்-13 குறியிட்ட அதே பொருளைத் தெரிந்த அளவில் உள்தரமாகச் சேர்த்தால் இது தானாகச் சரியாகும். ட்ரைக்ளோசானுக்கு அது விலைக்குக் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், நிறைக்கணக்கு. நீரில் இருந்தது, படிவில் இருந்தது, சுவரைக் கரைப்பானால் கழுவி எடுத்தது மூன்றையும் கூட்டினால் போட்டதில் 90 சதவீதமாவது வர வேண்டும். 60 சதவீதம் வந்தால் மீதி 40 ஒட்டிவிட்டது என்று எழுதும் அறிக்கைகள் உண்டு. அந்த 40 எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

ஐந்து செறிவுகள், குறைந்தபட்சம் இரண்டிரண்டு குழாய்கள், செறிவுகள் நூறு மடங்கு வரை விரிந்திருக்க வேண்டும். ஒட்டியதையும் நீரில் மிஞ்சியதையும் மடக்கையில் வரையும் ஃப்ரூண்ட்லிக் கோட்டில் சாய்வு 0.9 முதல் 1.1க்குள் என்றால் ஒற்றைக் கேடியைப் பயன்படுத்தலாம். 0.7 என்றால் செறிவுக்குச் செறிவு கேடி மாறும். உங்கள் நிலையத்தில் வரும் செறிவுக்கு உரிய கேடியைத் தனியே கேட்டு வாங்குங்கள். மில்லிகிராம் அளவில் சோதித்துவிட்டு மைக்ரோகிராம் அளவில் வரும் பொருளுக்கு அதே எண்ணைப் போட்டால் ஒட்டுதல் குறைவாகவே தெரியும்.

யாருக்கு எது? ஏற்றமில்லாத பொருள், கேட்பது ரீச் பதிவு என்றால் ஓஇசிடி 105உம் 121உம் போதும். அயனிப் பொருள், சர்ஃபாக்டன்ட், ஆன்டிபயாடிக் என்றால் நேராகப் பேட்ச் முறைக்குப் போங்கள், இடையில் நிற்க வேண்டாம். வெளிநாட்டு ஒழுங்குமுறைக்கு அனுப்புவதாக இருந்தால் தேசிய ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) கண்காணிப்பு ஆணையத்தின் சான்று பெற்ற லேப்பாக இருக்க வேண்டும். தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஓஇசிடி ஏற்பாட்டில் இந்தியா 2011 முதல் முழு உறுப்பினர் என்பதால் அந்த அறிக்கை அங்கேயும் செல்லும். சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், இயற்பியல்-வேதியியல் சோதனைகளுக்கு அந்தச் சான்று பொருந்துகிறதா என்று அதன் இணைப்பைப் பாருங்கள். நச்சியல் சோதனைக்கு மட்டும் சான்று வைத்திருக்கும் லேப்களும் உண்டு.

விலைப்புள்ளியில் குழாய்களின் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். ஐந்து செறிவு, இரண்டு பிரதி: 10. சுவர் பிளாங்க், ஐந்து செறிவுக்கும் இரண்டிரண்டு: 10. ஸ்லட்ஜ் பிளாங்க் இரண்டு, வடிநீர் பிளாங்க் இரண்டு. நேரச் சோதனைக்கு ஆறு நேரம், இரண்டு பிரதி: 12. ஆக 36 குழாய்கள். 12 குழாய்க்கு விலை சொல்லியிருந்தால் எதை விட்டார்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் பிளாங்குகளைத்தான் விட்டிருப்பார்கள்.

மிஞ்சும் அசைடு கலந்த ஸ்லட்ஜை என்ன செய்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். அமிலத்தோடு சேர்ந்தால் கொடிய நச்சு வாயு வரும். செம்பு, ஈயக் குழாய்களில் ஊற்றினால் வெடிக்கும் உப்புகள் படியும். அதைச் சிங்கில் ஊற்றும் லேப்பில் உள்ளே வேலை செய்பவர்களுக்கு ஆபத்து, அங்கே வேலை கொடுக்காதீர்கள்.